நாலாவது கால்

மூன்று கால்களைத் தேய்த்து முடித்தபோது கனகேஸ்வரிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. நாலாவது கால் பாக்கி. மணி நாலரை ஆகிவிட்டது. மறுநாள் அவள் இருக்கிற மண்டபம் அகதி முகாமில் செக்கிங். அதிகாரி வந்து பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதனால் நாளைக்கு லீவு என்று முதலாளியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். மிச்சக் காலை வியாழக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அதன்மேல் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டினாள். கம்பி பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் பக்கெட்டில் போட்டு ஓரமாக வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அந்தக் காலையும் அன்றைக்கே முடித்திருந்தால் அவள் கதை கந்தலாகியிருக்கும். அது அப்போது அவளுக்குத் தெரியாது.

கால் என்றால் கிரில் அடுப்பின் கால். உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகிற ரோட்டோரத்தில் குருநாதன் கடல் உணவகம் இருக்கிறது. அதன் வாசலில் நீளமான இரும்புத் தொட்டி ஒன்று. தொட்டியில் கரி, மேலே கம்பி வலை, கீழே நாலு கால். ராமேஸ்வரம் போகிற கார்க்காரர்கள் இறங்கி நின்று, பாறை மீனும் ஊளி மீனும் மசாலாவோடு அதில் வேகிறதைப் பார்த்துக்கொண்டே பசியை வளர்த்துக்கொள்வார்கள். அடுப்பைச் செய்தவர் குருநாதன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தவர். மழையும் ஏமாற்றிக் கிணறும் ஏமாற்றியபின் கடற்கரைக்கு வந்து மீன் சுட ஆரம்பித்தார். அவர் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது மகன் காளிதாஸ்தான் முதலாளி.

மீனைவிட நன்றாக விற்றது குருநாதன் சொன்ன கதை. இந்த நாலு காலும் பித்தளையாம். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இருந்ததாம். கப்பல் ஓடின காலத்தில் ராமேஸ்வரத்துக்கு வந்து, கை மாறிக் கை மாறி அவரிடம் சேர்ந்ததாம். பித்தளைக்கு ஏன் பெயிண்ட் என்று எவராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். உப்புக்காற்றில் களிம்பு ஏறாமலிருக்க ஒன்று, களவாணிப்பயல் கண்ணில் படாமலிருக்க இன்னொன்று. கேட்டவர்கள் குனிந்து பெயிண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு பிளேட் இறால் சொன்னார்கள்.

காளிதாஸ் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன். பக்கத்திலேயே ஏ.சி. போட்ட புதுக் கட்டடம் எழுப்பி, உள்ளே கேஸில் எரிகிற புது கிரில்களை வாங்கி வைத்துவிட்டான். பழைய அடுப்பைப் புது வாசலில் காட்சிக்கு நிறுத்தி, கொழும்புக் கதையை ஒரு போர்டில் எழுதி மாட்டப்போகிறான்.

“கனகாக்கா, அந்தப் பெயிண்ட்டப் பூராம் சுரண்டி எடுத்துருங்க. பித்தளை பளபளன்னு நிக்கணும். ஞாயித்துக்கெழம தெறப்பு. பாக்குறவன் மூஞ்சி அதுல தெரியணும்.”

இந்த வேலைக்குக் கனகேஸ்வரியை விட்டால் வேறு ஆள் இல்லை என்பது உண்மைதான். பதினோரு வருஷமாக அந்தக் கடையில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் புருஷன் இரத்தினவேல் பெயிண்டர். முகாமில் பாதி ஆம்பிளைகள் பெயிண்டர்கள்தான். பெரிய வேலைக்குப் போக வழியில்லாத ஊரில், சுவர் இருக்கிற இடமெல்லாம் அவர்களுக்கு வேலை. இரத்தினவேல் எட்டு வருஷத்துக்கு முன் ராமநாதபுரத்தில் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். அவன் சுரண்டுகிற தகடு மட்டும் அவளிடம் இருக்கிறது. பழைய பெயிண்டை எப்படி உரிப்பது, எந்தப் பூச்சின் கீழே என்ன வரும் என்பதெல்லாம் அவன் பக்கத்தில் நின்று பார்த்தே அவளுக்கு அத்துப்படி.

பித்தளையும் அவளுக்குத் தெரியும். தொண்ணூறாம் வருஷம், பதினாறு வயதில், மன்னார் மாந்தையிலிருந்து படகேறினாள். படகுக்காரன் தனுஷ்கோடிக்கு எதிரே ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, கரை வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். படகில் வந்தவர்கள் வெயிலில் ஒரு பகல் முழுக்க நின்றார்கள். அன்றைக்கு அவள் கையில் இருந்தது ஒரே ஒரு பித்தளைச் செம்பு. அதை இன்றுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு விளக்குகிறாள். முகாமின் வாசல் போர்டில் ‘அகதிகள்’ போய் ‘மறுவாழ்வு’ என்று வந்துவிட்டது. செம்பு அதே செம்புதான்.

ஆகவே, முதல் காலில் பெயிண்ட் உரிந்து அடி உலோகம் தெரிந்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. மஞ்சள் வரவில்லை. வெள்ளையாகத்தான் வந்தது. சந்தேகத்துக்குப் புளியைக் கரைத்துத் தேய்த்தாள். புளிதான் வீணாயிற்று.

அடுப்பு வேலை பார்க்கிற ரிஃபாயைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பாத்தியோ ரிஃபாய்? உங்கட முதலாளியின்ர பித்தளை வெளுத்துப்போச்சு.”

ரிஃபாய் கையிலிருந்த விசிறியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். “பெரியவுக சொன்ன கதையெல்லாம் கணக்குல எடுத்தா முடியுமாக்கா? ஒரு தடவ, திமிங்கிலத்தையே இந்த அடுப்புல சுட்டேன்னாக. ஒங்க வேலைய நீங்க பாருங்க.”

காளிதாஸ் அன்றைக்குக் கடையில் இல்லை. திறப்பு விழாப் பத்திரிகை அடிக்க ராமநாதபுரம் போயிருந்தான். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கனகேஸ்வரிக்கு ஒரு குணம். தேய்க்கச் சொன்னதைத் தேய்த்துவிட வேண்டும், அது பித்தளையானாலும் பிண்ணாக்கானாலும் சரி. பெயிண்ட் விரல் கனத்துக்கு இருந்தது. வருஷம் தவறாமல் ஒரு கோட் அடித்திருக்கிறார்கள். சில்வர், கறுப்பு, மறுபடி சில்வர். முட்டி உயரத்தில் ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. அங்கே சுரண்டும்போது நடுநடுவே சிவப்பாகத் தூள் கொட்டியது. ரெட் ஆக்சைடாக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊதித் தள்ளினாள். பிறகு உப்புத்தாள், பிறகு சாம்பலும் தேங்காய் நாரும், கடைசியில் துணியில் ரெண்டு சொட்டு எண்ணெய். மூன்று கால்களும் புதுக் கத்தி கணக்காக மின்னின. முகம் தெரியவேண்டும் என்றானே, தெரிந்தது.

மறுநாள் முகாமில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் நாலு பேர் தாண்டினால் அவள் முறை. அப்போதுதான் போன் வந்தது.

“எங்கன வச்சிருக்க?”

பதினோரு வருஷமாக ‘கனகாக்கா’ என்று கூப்பிட்ட வாய். அவளுக்கு முதலில் யார் பேசுவது என்றே பிடிபடவில்லை.

“என்னது முதலாளி?”

“நடிக்காத. மூணு பித்தளைக் காலையும் உருவிட்டு, எங்கனயோ கெடந்த இரும்புப் பைப்பச் செருகி வச்சிருக்க. நாலாவதுக்குச் சாக்கு வேற சுத்தி வச்சிருக்க, வியாழக்கெழம வந்து கழட்ட. நான் என்ன கேனப்பயலா?”

கால்கள் தொட்டியின் அடியில் குழாய்க்குள் செருகி நிற்பவை. தூக்கினால் கழன்று வரும். அவன் புத்தி அங்கே போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் அப்பா விட்ட சரடு சரடுதான் என்கிற பக்கம் மட்டும் அந்தப் புத்தி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அப்பா பொய்யராகிவிடுவாரே! அதைவிடப் பாத்திரம் தேய்க்கிறவள் திருடியாகிவிடுவது அவனுக்குச் சுளுவாக இருந்தது.

“முதலாளி, அது பித்தளையே இல்லை. நான் ஒண்டையும் எடுக்கேல்லை. ரிஃபாயைக் கேளுங்கோ, காட்டினனான்.”

“அவன் அடுப்புல வேகுற மீனை மட்டும் பாத்தா போதும். இந்தா பாரு, நாளைக்குள்ள கொண்டாந்து வச்சிரு. போலீசுக்குப் போகல. ஒரு தடவ மன்னிச்சு விட்டுர்றேன்.”

மன்னிப்பாம். திருடி என்று சொன்னதுகூட அவளுக்கு அவ்வளவு எரியவில்லை. செய்யாத குற்றத்துக்கு இவன் பெரிய மனுஷனாகி மன்னிக்கப்போகிறானாம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “உங்கட மன்னிப்பை நீங்களே வைச்சிருங்கோ” என்று கத்தினாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போட்ட கோபத்தில் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. ‘போன மாசக் கையெழுத்து மாதிரி இல்லையே’ என்று அந்த அதிகாரி வேறு நிமிர்ந்து பார்த்தார்.

மன்னிப்பேன் என்றவன் சாயங்காலம் வரைகூடப் பொறுக்கவில்லை. பாம்பன் முதல் உச்சிப்புளி வரை ஹோட்டல், விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. போன வருஷம் ஆயுத பூசைக்கு எடுத்த போட்டோவிலிருந்து கனகேஸ்வரியின் முகத்தை மட்டும் வெட்டி அதில் போட்டான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். ‘கேம்ப் பொம்பள. பதினோரு வருஷமா கூட இருந்தே பித்தளைக் கால மாத்திட்டா. உங்க கடையில கேம்ப் ஆளுங்க இருந்தா உசாரா இருந்துக்கங்க.’

அந்த ரோட்டில் முகாமிலிருந்து வேலைக்குப் போகிற பெண்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். வியாழக்கிழமை காலை அத்தனை பேரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். சிலரிடம் ‘ரெண்டு நாள் கழிச்சு வா’ என்றார்களாம். ஒருத்தியை, பையைத் திறந்து காட்டு என்று நிறுத்தினார்களாம். கனகேஸ்வரியின் மகள் டிலக்ஷனா பி.காம். முடித்து, ஆறு மாசம் அலைந்து, ஒரு விடுதியில் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள். முகாமில் பிறந்து, இங்கிலீஷில் ‘குட் மார்னிங்’ சொல்லிச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். அவளும் பத்து மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, போய் ஏதாவது சொல்லிப்போட்டு வாங்கோ. தெரியாம நடந்துட்டுது எண்டு சொன்னாப் போதும், அவர் விடுறன் எண்டு சொன்னவர்தானே. கேஸ் எண்டு வந்தா எங்கட எல்லாருக்கும் கஷ்டம்.”

“தெரியாம நடந்ததோ? என்ன நடந்தது, சொல்லு பாப்பம்?”

“நீங்க செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்.”

“பிறகு?”

டிலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. முகாமில் பிறந்த பிள்ளைக்கு முதலில் பழக்குவதே தலையைக் குனிவதுதான். பழக்கியவளும் கனகேஸ்வரிதான். இன்றைக்கு அதே தலை தன்னையும் குனியச் சொன்னபோது அவளுக்கு மகள்மேல் வந்த கோபம் பாதி, தன்மேல் வந்தது மீதி.

அன்று முழுவதும் சும்மா உட்கார முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் செம்பை எடுத்துவைத்துத் தேய்த்தாள். வாய் காளிதாஸைத் திட்டிக்கொண்டிருந்தது, கை பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் ரெண்டும் நின்றன. அந்தச் சிவப்புத் தூள்!

ரெட் ஆக்சைடு என்றால் இரும்பின்மேல் முதலில் அடிப்பது. எல்லாவற்றுக்கும் அடியில்தான் இருக்கும். இரத்தினவேல் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். அந்தக் கால்களிலோ சிவப்பு ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் வந்தது. கால் முழுக்கவும் வரவில்லை, முட்டி உயரத்தில் அந்தப் புடைத்த இடத்தில் மட்டும். எந்தப் பெயிண்டர் வருஷா வருஷம் ஒரே இடத்தில் மட்டும் ரெட் ஆக்சைடை வைப்பான்?

ஆயுத பூசையன்று அவள் பின்கட்டில் பாத்திரங்களோடு கிடப்பாள், வாசல் அடுப்பருகே நிற்பவன் ரிஃபாய்தான். அவனுக்குப் போன் போட்டாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

“ஆயுத பூசைக்கு முந்துன நாள் பெயிண்ட் அடிப்பாக. மறுநா பெரியவுக சந்தனம் கொழச்சு, குங்குமம் தொட்டு, நாலு காலுக்கும் பொட்டு வைப்பாக. பூசையில வச்ச பொட்டை அழிக்கப்படாதுன்னு சத்தம் போடுவாக. ஒரு வருசம் பெயிண்டர் ஒருத்தன் தொடச்சிட்டு அடிக்கப்போனான், அவனை வெரட்டியே விட்டாக. அது மேலயே அடிக்கணும். பெரியவுக மவுத்தானதுக்கு அப்புறம் யாரும் பெயிண்டும் அடிக்கல, பொட்டும் வைக்கல. இப்ப மொதலாளி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுறாரு, அம்புட்டுத்தான்.”

“நீ இதை உன்ர முதலாளிக்குச் சொன்னியோ?”

“சொல்ல வாயத் தொறந்தேன்க்கா. நீயும் கூட்டாடான்னு கேட்டாரு. எனக்கு மூணு புள்ளைக.”

கனகேஸ்வரிக்கு ரிஃபாயின்மேலும் கோபம்தான். ஆனால் அதைத் தள்ளிவைத்தாள். நாலாவது கால் இருக்கிறது. சாக்குக்குள் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடை நிரம்பி வழிகிற நேரமாகப் பார்த்துப் போனாள். கையில் இரத்தினவேலின் தகடு. பின்னால் வேலை போன பெண்கள் அத்தனை பேரும். டிலக்ஷனா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பஸ் புறப்படும்போது ஓடி வந்து ஏறிக்கொண்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் கையைச் சோற்றில் வைத்தபடி பார்த்தார்கள். காளிதாஸ் கல்லாவிலிருந்து இறங்கி வந்தான்.

“என்ன, ஆள் கூட்டிக்கிட்டு வந்து மெரட்டுறியா? காலைக் கொண்டாந்தியா?”

“காலுக்குத்தான் வந்தனான். அந்த நாலாவது காலைச் சுரண்டப்போறன். எல்லாருக்கும் முன்னால.”

“அதுல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன். அது ஒண்ணுதான் ஆதாரம். ஸ்டேசன்ல காட்டணும்.”

“காட்டுங்கோ. இப்பவே அவையளையும் கூப்பிடுங்கோ. பித்தளை வந்தால் நானே ஜீப்பில ஏறுறன். இரும்பு வந்தால் நீங்கள் என்ன செய்யப்போறியள்? அதைச் சொல்லுங்கோ காளிதாஸ் தம்பி.”

பதினோரு வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகம் கறுத்தது. ஸ்டேஷனுக்குப் போன் எடுப்பான் என்று எல்லோரும் பார்த்தார்கள். எடுக்கவில்லை. ஆதாரம் ஆதாரம் என்று குதித்தவனுக்கு அந்த ஆதாரத்தைத் தொட்டுப்பார்க்கத் தைரியம் இல்லை. ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதுரைக்காரர், “அட, சுரண்டித்தான் பாக்கச் சொல்லுங்களேன் சார்” என்றார். நாலு டேபிளும் ஆமாம் போட்டன.

ரிஃபாய் கேட்காமலேயே வந்து சாக்கை அவிழ்த்தான். கனகேஸ்வரி தரையில் குந்தினாள். முதலில் காலின் அடிப்பக்கம். தகடு நாலு இழுப்பில் அடிவரை இறங்கியது. வெள்ளை. மஞ்சளின் வாசனைகூட இல்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும், பெயிண்டுக்குள் மூடிக்கிடந்த மரை தெரிந்தது. பைப்போடு பைப்பை முடுக்குகிற மரை.

“இதுவும் நீ முன்னமே மாத்தினதா இருக்கும்” என்றான் காளிதாஸ். குரலில் பழைய முறுக்கு இல்லை. ஆனாலும் சொன்னான் பாருங்கள்.

கனகேஸ்வரி தகட்டை முட்டி உயரத்துப் புடைப்புக்கு ஏற்றினாள். இங்கே அவசரப்படவில்லை. தகட்டைச் சாய்த்துப் பிடித்து, வெங்காயம் உரிக்கிற பக்குவத்தில் ஒரு கோட்டை மட்டும் தூக்கினாள். சில்வர் பெயர்ந்து வந்தது. கீழே குங்குமம். நிறம் மங்காமல் பொட்டாக உட்கார்ந்திருந்தது. முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் வெட்டுப்பட்டுப் பிறை போல இருந்தது.

காளிதாஸ் குனிந்தான்.

அவள் அடுத்த கோட்டைத் தூக்கினாள். இன்னொரு பொட்டு, அதே பிறை. அதற்கடுத்த கோட்டில் இன்னொன்று. குருநாதனின் வலது கட்டைவிரல் நுனி பம்புசெட் பெல்ட்டில் மாட்டித் துண்டாகிப் போனது. அந்த விரலால்தான் பொட்டை அமுக்குவார். அவர் வைத்த பொட்டு எப்போதும் ஒரு பக்கம் குறைந்துதான் இருக்கும். மகனுக்குத் தெரியாதா அது? தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது அவன் நெற்றியிலும் அதே விரல்தான் விபூதி வைத்தது.

“சொல்லுங்கோ. உங்கட ஐயாவின்ர விரலையும் நான்தான் மாத்தினனானோ?”

காளிதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். காலின் அடியில் தெரிந்த மரையைத் தடவினான்.

“ஊருல போர்வெல்லு வத்துனப்ப உருவுன பைப்பு” என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி. “ஒரு பக்கம் அய்யா புடிச்சாரு. மறு பக்கம் நாந்தான் புடிச்சேன்.”

அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கனகேஸ்வரிக்கே ஒரு நொடி இரக்கம் வந்தது. அவன் வாயைத் திறந்து அதையும் கெடுத்துக்கொண்டான்.

“சரி விடுங்கக்கா. தப்பா நெனச்சுப்புட்டேன். போனது போகட்டும். நாளைக்கு வந்து இந்தக் காலையும் தேச்சு முடிச்சிருங்க. ஞாயித்துக்கெழம தெறப்பு இருக்கு.”

அக்கா திரும்ப வந்துவிட்டாள்! தேய்க்க வேண்டிய கால் ஒன்று மிச்சமிருக்கும்போது அக்கா வராமல் எங்கே போவாள்?

“என்ர படத்தை எதில போட்டனீங்கள்? அதை எடுங்கோ. எந்த வாயால திருடி எண்டு சொன்னனீங்களோ, அதே வாயால சொல்லுங்கோ. இப்ப. நான் கேக்க.”

அவன் போனை எடுத்தான். பேசினான். “எல்லாருக்கும் வணக்கம். நம்ம கிரில் கால் விசயம். கால் கெடைச்சிருச்சு. பிரச்சினை முடிஞ்சிருச்சு. நன்றி.”

“அனுப்பாதேங்கோ!” கனகேஸ்வரி போட்ட சத்தத்தில் ரோட்டில் போன ஆட்டோ நின்றது. “கிடைச்சிட்டுதோ? துலைஞ்ச சாமான்தானே கிடைக்கும்? நான் பயந்து கொண்டுவந்து வைச்சிட்டன் எண்டு அவையள் நினைக்கவோ?”

அவன் அழித்துவிட்டு மறுபடி பேசினான். ரெண்டு பக்கமும் சின்னதாக ஒரு தப்பு நடந்துபோச்சு, பேசித் தீர்த்துக்கிட்டோம் என்றான்.

“என்ர பக்கத்தில என்ன தப்பு? சொல்லுங்கோ. தேய்க்கச் சொன்னீங்கள், தேய்ச்சன். அதுவோ தப்பு?”

காளிதாஸ் சுற்றிலும் பார்த்தான். கைகொடுக்க ஒருவரும் இல்லை. “உண்மையச் சொன்னா எங்க அய்யா மானம் போயிரும்க்கா” என்றான் மெதுவாக.

“ரெண்டு நாளா இந்த ரோட்டில போனது ஆரின்ர மானம்?” அவள் பின்னால் நின்ற பெண்களைக் காட்டினாள். கடைசியாக டிலக்ஷனாவைக் காட்டினாள். “உங்கட ஐயா பொய்யர் எண்டு நான் சொல்லச் சொல்லேல்லை. கால் என்ன கால் எண்டு சொல்லுங்கோ. நான் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. ரெண்டே ரெண்டு வார்த்தை. பிறகு நீங்களாச்சு, உங்கட கொழும்பாச்சு.”

மூன்றாவது தடவை அவன் சொன்னான். “நாலு காலும் ஆரம்பத்துல இருந்தே இரும்புப் பைப்புத்தான். எங்க ஊரு போர்வெல் பைப்பு. கனகேஸ்வரி எதையும் எடுக்கல. தப்பா சொன்னது நான்.” ‘நான்’ என்கிற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. அவள் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சத்தமாகச் சொல்லி, தன் பெயரையும் சொல்லி அனுப்பினான். அவள் படத்தையும் அழித்தான். டிலக்ஷனாவின் விடுதி மேனேஜரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். போனில் காட்டுகிற ‘கேட்டவர்கள்’ பட்டியலில் அவர் பெயர் விழும்வரை கனகேஸ்வரி அங்கேயே நின்றாள்.

பிறகு தகட்டைப் புடவையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அப்ப இந்தக் கால்?” என்றான் காளிதாஸ்.

“தேய்க்க ஆளில்லை” என்றாள்.

சனிக்கிழமை முழுவதும் ஆள் தேடியிருக்கிறான். அந்த ரோட்டில் ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் தானே கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அடியில் கொஞ்சம் தேய்த்தானாம். முட்டி உயரத்துக்கு வந்ததும், அந்தப் பிறைப் பொட்டுகளைப் பார்த்துவிட்டுப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டானாம். பூசையில் வைத்த பொட்டை அழிக்கக் கூடாதே. இதையெல்லாம் ரிஃபாய்தான் சொன்னான்.

திங்கட்கிழமை முகாம் பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். டிலக்ஷனா தலையைப் பின்னி, பவுடர் போட்டு, முதல் பஸ்ஸிலேயே போனாள். கனகேஸ்வரி குருநாதன் கடல் உணவகத்துக்குப் போகவில்லை. பாம்பனில் ஒரு சின்ன இட்லிக்கடையில் பாத்திரம் தேய்க்கப் பேசிக்கொண்டாள்.

மத்தியானம் ரிஃபாய் போன் பண்ணினான். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

“அக்கா, நேத்துத் தெறப்போட அடுப்பை வாசல்ல நிறுத்தியாச்சு. மூணு காலு மின்னுது, ஒரு காலு மட்டும் கறுப்பும் செகப்புமா நிக்கிது. வாரவுக போறவுக எல்லாம் குனிஞ்சு பாத்து, இது மட்டும் ஏன் இப்புடின்னு கேக்குறாக. மொதலாளிக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, முழிக்கிறாரு.”

கனகேஸ்வரி கையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியாதோ? நல்லாத் தெரியும் அவருக்கு. வாயைத் திறந்து சொல்லச் சொல்லு.”